ஹீட்டர் டைமரும் அப்பா கேட்ட பஸ்ஸும்

அன்புள்ள என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் உடம்பாலும் மனசாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக நினைத்துக்கொண்டுதான் அடுப்பையே பற்றவைக்கிறேன். பாப்பாவுக்கு முன்பல் விழுந்த படம் பார்த்தேன், சிரிக்கும்போது அப்படியே உன் அப்பா மாதிரி இருக்கிறாள். உன் சித்திக்கு முழங்கால் வலி பரவாயில்லையாம், ஆனால் வாய் மட்டும் வழக்கம்போல, போன வாரம் வந்து நான் தைத்து வைத்திருந்த ரவிக்கைகளை எல்லாம் புரட்டிப் பார்த்துக் குறை சொல்லிவிட்டு, கடைசியில் தனக்கும் ஒன்று அதே மாதிரி வேண்டும் என்று துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள். போன் கையில் இருக்கும்போது அம்மாவுக்கு ஏன் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பற்றி அவர் எதிரிலேயே, அவர் ஏதோ மேஜை நாற்காலி மாதிரி, பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் நீ கேட்கும்போதெல்லாம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று மழுப்பினேன். ஹீட்டர் என்ன ஆச்சு, அப்பா கைக்கு என்ன ஆச்சு, நீ புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்றபோது நான் ஏன் பிடிவாதமாக வேண்டாம் என்றேன், எல்லாவற்றையும் இதில் எழுதிவிடுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி, பாதியில் பயந்து போனைத் தூக்காதே, முடிவு நல்லபடியாகத்தான் இருக்கிறது.

குளியலறைக்கு வெளியே நடையில், சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது எட்டி எட்டி அதன் வட்டத்தைத் திருகிவிட்டு அப்பாவிடம் திட்டு வாங்குவாயே, அதுதான் டைமர். விடியும் முன்னால் அதுவாகவே ஹீட்டரைப் போடும், வெளுத்ததும் அதுவாகவே அணைக்கும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அந்தப் பெட்டிதான் இந்த வீட்டின் கடிகாரம். காலையில் இதமான வெந்நீரில் குளித்தால்தான் அவருடைய வலது தோளும் கையும் கொஞ்சம் இளகும், இளகிய சூட்டோடு பயிற்சி செய்தால்தான் விரல்கள் மடங்கும், இல்லாவிட்டால் அன்றைக்கு முழுக்கக் கை மரக்கட்டை. அது உனக்கும் தெரியும். உனக்குத் தெரியாதது, அந்த டைமர் கெட்டுப்போனது எங்களுக்கே தெரியாது என்பது. வட்டம் வழக்கம்போல சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காதை வைத்தால் சத்தமும் கேட்டது, ஆனால் உள்ளே மின்சாரத்தை விட்டு நிறுத்தும் பித்தளை நாக்கு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டுவிட்டன. வெளியே அணைந்த மாதிரி காட்டிக்கொண்டு உள்ளே ஹீட்டர் பகல் முழுக்க ராத்திரி முழுக்க கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது, சில மனிதர்கள் மாதிரி.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடச் சீருடை ஒரு கட்டு தைக்க வந்திருந்ததால் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். தினமும் வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பது நான்தான், அன்றைக்கு அவருக்கு என்ன ரோஷமோ, தானே போய்க் குழாயைத் திறந்திருக்கிறார். பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் எதற்கும் வலது கையை உபயோகியுங்கள் என்று சொல்லியிருக்கிறார் இல்லையா, அதனால் அந்தக் கையாலேயே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தக் கைக்கு உணர்ச்சி குறைவு, கண்ணு. கொதிக்கிற தண்ணீர் மேலே விழுகிறது, கைக்குத் தெரியவில்லை. ஆவியைப் பார்த்துத்தான் அவருக்கே புரிந்திருக்கிறது. கத்தவில்லை. வந்து என் மிஷின் எதிரே நின்றார், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தரையெல்லாம் தண்ணீர் சொட்ட. நான் நூலைக் கத்தரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன், புறங்கை செக்கச்செவேலென்று இருந்தது. குளிர்ந்த தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம். கொப்புளம் வந்து, கட்டுப் போட்டு, இப்போது தோல் உரிந்து புதுத் தோல் வந்துவிட்டது, தழும்புகூடப் பெரிதாக இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்த இடத்தில் நீ அழ வேண்டாம், அழ வேண்டியதை நான் அப்போதே அழுது முடித்துவிட்டேன்.

கை ஆறிக்கொண்டு வந்தது, மனிதர் ஆறவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காது என்பார்களே, அந்தக் கதைதான். குளியலறைப் பக்கமே போகமாட்டேன் என்று தலையை ஆட்டினார், ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும் என்று ஜாடை காட்டினார். நான் ஹீட்டரை மெயினிலேயே அணைத்துவிட்டு அடுப்பில் தண்ணீர் காய்ச்சி வாளி வாளியாகத் தூக்கிப் போனேன், கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை, என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. பயிற்சி நின்றது. பேச்சுப் பயிற்சி டீச்சர் வந்து படம் போட்ட அட்டைகளை அவர் முன்னால் பரப்பினால், ஒவ்வொன்றாகக் குப்புறப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் முகம் சுண்டிப்போய்க் கிளம்பியது. அதற்கு முன்பு ஏதோ தண்ணீர், சாப்பாடு, போ, வா என்று நாலு வார்த்தையாவது வந்துகொண்டிருந்தது, அதுவும் அடைபட்டுப்போனது. இரண்டே இரண்டு வார்த்தைதான் மிச்சம். நடையில் அந்த வெள்ளைப் பெட்டிக்கு எதிரே போய் நிற்பார், இடது கை விரலால் அதைத் தட்டுவார், என்னைப் பார்த்து "பஸ்" என்பார். நான் விழிப்பேன். "பஸ்... பஸ்... விசில்" என்பார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் மூக்கு நுனி சிவந்துவிடும், சுவரில் ஓங்கி ஒரு அடி.

பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஒரு காதில் எப்போதும் பாட்டுக் கேட்கும் ஒயர் தொங்கிக்கொண்டிருக்குமே, அவர்தான். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பாயின்ட் ஒட்டிக்கிச்சும்மா, இதே மாதிரி புது டைமர் ஒண்ணு வாங்கி வைங்க, வந்து மாட்டித் தர்றேன், அவசரம்னா சொல்லுங்க டைமரே இல்லாம நேரா குடுத்துடறேன், நீங்களே போட்டு நீங்களே அணைச்சுக்கலாம் என்றார். அப்பா பின்னாலேயே நின்று தலையை வேகமாக ஆட்டினார், "பஸ்! பஸ்! விசில்!" என்று அந்தப் பெட்டியைக் காட்டிக் காட்டிக் கத்தினார். எலெக்ட்ரீஷியன் என்னிடம் தாழ்ந்த குரலில், ஐயாவுக்கு எங்கயோ வெளியூர் போகணும்னு தோணுது போலம்மா, கூட்டிட்டுப் போய்ட்டு வாங்களேன், பாவம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும், மூளையும் நன்றாக வேலை செய்கிறது, வார்த்தை மட்டும்தான் வழி தவறிப் போகிறது. அந்த "பாவம்" அவர் முகத்தில் போய் விழுந்ததை நான் பார்த்தேன். காலம் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், எத்தனை கட்டிடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், அவர் வீட்டு ஸ்விட்சை அவர் எதிரிலேயே இன்னொருவர் பிரித்து, அவரைக் கேட்காமல் என்னைக் கேட்கிறார்.

இப்போது நான் செய்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை நிஜமாகவே எங்கேயாவது போக வேண்டும் என்கிறாரோ என்று. மறுநாள் சட்டையைப் போட்டுவிட்டு, கைத்தடியைக் கொடுத்து, மெதுவாக நடத்திக்கொண்டு தெருக்கோடி பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பெஞ்சில் உட்காரவைத்தேன். பஸ் வந்தது. ஏறுங்க என்றேன். அவர் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவளுக்கு என்ன பைத்தியமா என்கிற மாதிரி ஒரு பார்வை, கைத்தடியால் தரையில் இரண்டு தட்டு, எழுந்து வீட்டைப் பார்த்து நடையைக் கட்டினார். டிரைவர் வேறு தலையை நீட்டி, வர்றீங்களா இல்லையாம்மா என்று கேட்கிறார். நான் கையை ஆட்டிவிட்டு அவர் பின்னாலேயே ஓடினேன்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ போன் செய்தாய். ஹீட்டர் ரிப்பேர் என்று மட்டும் சொன்னேன். அம்மா நீ அதெல்லாம் தொடாத, நான் இங்க இருந்தே புது ஹீட்டர் ஆர்டர் பண்றேன், போன்லயே போட்டு அணைக்கலாம், எல்லாம் அதுவே பாத்துக்கும் என்றாய். அதோடு நிறுத்தியிருந்தாலும் சரி என்றிருப்பேன். எதுக்கு இந்த வயசுல இந்தப் பாடு, வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க, இனிமே அப்பாவால எதுவும் முடியாதுன்னு ஒத்துக்கோம்மா என்றும் சொன்னாய். நீ பாசத்தில் சொன்னது எனக்குத் தெரியும், உன் குரல் உடைந்ததும் கேட்டது. யோசிச்சுச் சொல்றேன் என்று வைத்துவிட்டேன். வைத்துவிட்டுத் திரும்பினால், அப்பா நடையில் அந்தப் பெட்டிக்கு எதிரே நின்றுகொண்டிருக்கிறார், இடது கையில் ஸ்க்ரூ டிரைவர். கட்டிலுக்கு அடியில் குனிந்து, ஒற்றைக் கையால் அந்தக் கனத்த டூல்ஸ் பெட்டியை இழுத்துத் திறந்து எடுத்திருக்கிறார். எனக்கு அந்த நிமிஷம் ஒன்று பிடிபட்டது கண்ணு. இந்த மனிதர் எதையோ சொல்கிறார். எனக்குப் புரியவில்லை என்பதற்காக அவர் சொல்வதில் அர்த்தம் இல்லை என்று ஆகிவிடாது. புது ஹீட்டர் வந்தால் தண்ணீர் சுடும், சரி, இவர் என்ன சொல்ல வந்தார் என்பது அந்தப் பெட்டியோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். அதற்கு நான் விடமாட்டேன் என்று முடிவு செய்தேன். உன் அம்மா முடிவு செய்துவிட்டால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும், உன்னைக் கணக்குப் பாடம் எடுத்துப் படிக்கவைத்தவள் நான்.

மறுநாள் காலை மிஷினுக்கு மேல் உறையைப் போட்டு மூடினேன். வருகிறவர்களிடம், இன்னைக்குத் தையல் கிடையாது, நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பினேன். மெயினை அணைத்தேன், அப்பா டெஸ்டரைக் கொடுத்து மறுபடி பார் என்று ஜாடை காட்டினார், பார்த்தேன், அப்புறம்தான் பெட்டியைத் தொடவிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு நாளாக இல்லாத ஒரு கண்டிப்பு. நான் வேண்டுமென்றே ஒரு குறும்பு செய்தேன், ஸ்க்ரூ டிரைவரை வாங்காமல் சமையலறைக் கத்தியை எடுத்துவந்து அதன் நுனியை ஸ்க்ரூவில் வைத்தேன். அவரால் தாங்க முடியவில்லை. "கத்தி வேணாம்!" என்றார். முழுசாக, தெளிவாக, திக்காமல். நான் காது கேட்காத மாதிரி இன்னொரு தடவை வைத்தேன். "வேணாம்டி! ஸ்க்ரூ... ஸ்க்ரூ போய்டும்!" என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். கல்யாணமான புதிதில் கூட என்னை அவர் டி போட்டுக் கூப்பிட்டதில்லை, அன்றைக்கு அது காதில் தேன் மாதிரி விழுந்தது.

டைமரைக் கழற்றி என் தையல் மேஜையில், ஊசி கோக்க வைத்திருக்கும் விளக்குக்கு அடியில் வைத்துப் பிரித்தோம். பிரித்தோம் என்று சும்மா சொல்லவில்லை, கை என்னுடையது, கண் அவருடையது. மிஷினுக்கு எண்ணெய் விட்டு, பாபின் கழற்றி மாட்டிப் பழகிய விரல்தானே, சின்ன ஸ்க்ரூ ஒன்றும் எனக்குப் பெரிதில்லை. எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அவர் விரலை வட்டமாகச் சுழற்றிக் காட்டுவார். உள்ளே பார்த்தால் அந்தப் பித்தளை நாக்கு இரண்டும் கருகி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஈயத்தை உருக்கி ஊற்றிய மாதிரி. ஓ இவ்வளவுதானா, பிரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் மறுபடி ஓடுமே என்று நான் உப்புத்தாளைத் தேடினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தலையை அப்படி இப்படி ஆட்டினார். மறுபடி "பஸ்". ஐயோ மறுபடியும் பஸ்ஸா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எழுந்து போய் என் இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டார், பையின் காதை என் சுண்டுவிரலில் மாட்டிக் கையை விட்டுவிட்டார். விரல் பிய்ந்துபோகிற மாதிரி வலி, ஆ என்று அலறிவிட்டேன். உடனே பையைக் கழற்றி, என் தோளில் மாட்டினார். தோளுக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் அந்தக் கருகிய நாக்கைத் தொட்டுக் காட்டினார், என் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் வெறுங்காற்றில், பெரிதாக ஏதோ ஒன்று இருக்கிற மாதிரி கையை வைத்துக் காட்டி, என் தோளைத் தட்டினார்.

புரிந்துவிட்டது கண்ணு. சுண்டுவிரல் தாங்கவேண்டிய பாரமா அது? இத்துனூண்டு டைமர், நேரம் பார்க்கத்தான் அது லாயக்கு, அவ்வளவு பெரிய ஹீட்டரின் சுமையையும் அதன் தலையிலேயே கட்டியிருக்கிறோம். பழைய சின்ன ஹீட்டர் இருந்தபோது சமாளித்தது, பெரிய ஹீட்டர் மாற்றிய பிறகு திணறித் திணறிக் கருகிவிட்டது. தேய்த்துப் போட்டாலும் மறுபடி ஒட்டும், புதிதாக அதே டைமரை வாங்கி மாட்டினாலும் ஒரு நாள் ஒட்டும். சுமையைத் தாங்க வேறே ஒரு ஆள் வேண்டும், டைமர் அந்த ஆளுக்கு உத்தரவு மட்டும் போட்டால் போதும். இதைத்தான் இத்தனை நாளாகச் சொல்லியிருக்கிறார். நான் சொல்லிக் காட்டினேன், சுமை தூக்க வேற ஒண்ணு வேணும், அதானே என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார், பெருமூச்சு விட்டார். அந்த வேற ஒண்ணுக்கு என்ன பேர் என்றேன். வாயைத் திறந்தார், உதடு துடித்தது, "ப... பஸ்" என்று வந்தது, தலையில் அடித்துக்கொண்டார்.

பேர் தெரியாவிட்டால் என்ன, கடையில் பொருள் இருக்குமே என்று கருகிய டைமரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எலெக்ட்ரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இதே மாதிரி டைமர் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். இது மட்டும் போதாதுங்க, சுமை தாங்குறது ஒண்ணு வேணும் என்றேன். என்ன சுமை அக்கா என்றார். விளக்கிச் சொல்ல எனக்கு அந்தத் தொழில் வார்த்தை எங்கே வரும், சட்டென்று அவர் மேஜையில் இருந்த கனமான ஒயர் சுருளை எடுத்து, கையைக் குடுங்க என்று அவர் சுண்டுவிரலில் மாட்டிவிட்டேன். மனிதர் துள்ளிவிட்டார். பின்னால் நின்ற இரண்டு பேர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும். டைமரைக் காட்டி, இது சுண்டுவிரல், எனக்குத் தோள் வேணும், எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், லிஃப்ட்லகூட அதை வைப்பாங்க போல என்றேன். கடைக்காரர் விரலைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார், சிரித்துவிட்டார், அட, உங்களுக்கு வேண்டியது கான்டாக்டர் அக்கா, அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன என்றார். எனக்குக் காதில் கண்டக்டர் என்று விழுந்தது. எந்த பஸ் கண்டக்டர் என்று கேட்டேன். பஸ் கண்டக்டர் இல்லக்கா, கான்டாக்டர், இது ஸ்விட்ச் மாதிரி, பெரிய லோடு தாங்கும் என்று ஒரு பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

கான்டாக்டர். கண்டக்டர். பஸ். விசில். அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு வார்த்தை தெரியும் கண்ணு, நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. கண்டக்டர் என்று கூட வாய்க்கு வரவில்லை, அதற்கும் அடுத்த வீட்டு பஸ்ஸும் விசிலும்தான் வந்திருக்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் புரியாது என்று தெரிந்தும், விடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவரை பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தேன்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரைக்கேறிவிட்டது. கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

புது டைமரையும் அதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கான்டாக்டர் பெட்டியை அவர் மடியில் வைத்து, என்னங்க, கான்டாக்டர் என்றேன். அவர் பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை, மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கான்..." என்றார். நான் எடுத்துக்கொடுக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். "கான்... டாக்டர்" என்றார். அப்புறம் என்னைக் கடைக்கண்ணால் பார்த்து, "கண்டக்டர்... இல்ல" என்றார். உன் அப்பா ஜோக் அடித்தார் கண்ணு! இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆனால் மாட்டுகிற வேலை எங்கள் கையில் இல்லை, அதில் நாங்கள் விளையாடவில்லை, நீ கவலைப்படாதே. எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தால் நாளைக்கு நாளைக்கு என்றார். அவர் வேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்கே போய், ஏணிக்குக் கீழே நின்றுகொண்டேன். வர்றேன்மா நீங்க போங்க என்றார். நீங்க இறங்கினதும் சேர்ந்தே போகலாம் என்றேன். ஏணிமேல் நிற்பவர் எங்கே தப்பிப்பார், சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். வழியில் நான் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன், சந்தேகம் எதுவா இருந்தாலும் என்னைக் கேக்காதீங்க, ஐயாவைக் கேளுங்க, பதில் வர்றதுக்கு நேரமாகும், காத்துக்கிட்டு இருங்க என்று. நல்ல மனுஷர், காதில் இருந்த ஒயரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு ஒயராகக் காட்டிக் கேட்டார், அப்பா ஆமாம், இல்லை, மேலே, கீழே என்று சொன்னார், சில சமயம் இல்லை என்று வாய் சொல்லும் தலை ஆமாம் என்று ஆடும், அப்போது தலையைத்தான் நம்ப வேண்டும் என்று எலெக்ட்ரீஷியனே கண்டுபிடித்துக்கொண்டார். ஹீட்டரின் சூட்டைக் குறைத்து வைக்கவும் ஜாடையிலேயே சொன்னார் அப்பா, அவசரத்துக்கு அணைக்க நடையிலேயே கைக்கெட்டும் உயரத்தில் தனியாக ஒரு ஸ்விட்ச் வைக்கவும் சொன்னார். எல்லாம் முடிந்து மெயினைப் போட்டு, டைமர் வட்டத்தைத் திருப்பினார்கள். டைமர் கிளிக் என்றது, அடுத்த கணம் புதுப் பெட்டிக்குள் இருந்து டக் என்று ஒரு கனத்த சத்தம். லிஃப்ட் கிளம்புவதற்கு முன்னால் மேலே கேட்குமே, அதே சத்தம். அப்பா நிமிர்ந்து நின்றார். எலெக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டு, ஐயா, இன்னொரு வீட்லயும் இதே மாதிரி ஹீட்டர் டைமர் கருகுது, அங்கயும் இதையே வச்சுடவா என்று அவரைப் பார்த்தே கேட்டார். அப்பா யோசித்து, "லோடு... பாத்து" என்றார்.

மறுநாள் காலை வாளியில் தண்ணீர் பிடித்து, முதலில் என் கையை விட்டேன், அப்புறம் அவருடைய இடது கையைப் பிடித்து உள்ளே விட்டேன். இதமாக இருந்தது. இனிமேல் இதுதான் சட்டம், எதற்கும் இடது கை முதலில். கதவருகே கொஞ்ச நேரம் தயங்கினார், நான் தள்ளவில்லை, இழுக்கவில்லை. உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நின்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன், சொம்பு வாளியில் முட்டும் சத்தம், தண்ணீர் விழும் சத்தம், மறுபடி சொம்பு. பயிற்சியும் ஆரம்பித்தாகிவிட்டது, இப்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்கின்றன, சட்டைப் பொத்தானைப் பாதி வரை போடுகிறார். டீச்சரிடம் பஸ் கதையைச் சொன்னேன், அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டது. இப்படித்தாம்மா ஆகும், தேடுற வார்த்தை கிடைக்காதப்ப பக்கத்து வார்த்தை வந்துடும், அது தப்பு இல்ல, அதைப் பிடிச்சுக்கிட்டே போனா சரியான வார்த்தைக்குப் போய்ச் சேரலாம் என்றது. இப்போது அதுதான் எங்கள் வீட்டு விளையாட்டு. மழை என்றார், குடையைக் கொடுத்தேன், சரி. கல்யாணம் என்றார், மோதிரத்தைக் கேட்கிறாரோ என்று பார்த்தால், மாப்பிள்ளை போன் செய்தாரா என்று கேட்டாராம்.

முந்தாநாள் உன் படத்துக்கு எதிரே நின்று "தபால்" என்றார். இரண்டு மூன்று தடவை சொன்னார். தூரத்தில் இருப்பவள் என்று சொல்ல வந்தாரா, உனக்கு எழுது என்கிறாரா, உன்னிடமிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் செய்து பார்த்துவிடுவோம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நான் எழுத எழுத எதிரே உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் நினைத்தது சரியாகத்தான் இருக்கும்.

வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொன்னாயே, அதற்குப் பதில் இது. வருவோம், பாப்பாவுக்குப் புதுப் பல் முளைத்ததும் வந்து பார்த்துவிட்டுத் திரும்புவோம். அங்கேயே இருந்துவிட வரமாட்டோம். இந்த வீட்டில் எந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று இருட்டில்கூட அவருக்குத் தெரியும், பக்கத்துத் தெருவில் அவரைக் கேட்டு வேலை செய்ய ஒரு ஆள் இப்போது இருக்கிறார், இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மூலையில் உட்காரவைக்க நான் சம்மதிக்கமாட்டேன். இதில் கோபம் ஒன்றும் இல்லை, ஆனால் இனிமேல் இதை மறுபடி எடுக்காதே. நீ செய்யவேண்டியது வேறு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்னைக் கேட்காமல் நேராக அவரைக் கேள். பதில் வர நேரமாகும், வேறே வேலையைப் பார்த்துக்கொண்டு பேசாதே, நடுவில் நீ வார்த்தையை எடுத்துக்கொடுக்காதே, தப்பான வார்த்தை வந்தால் சிரித்து மழுப்பாதே, அது யாருடைய பக்கத்து வீடு என்று யோசி. பாப்பாவிடமும் சொல்லிவை, குழந்தைகள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். உன் வீட்டு ஹீட்டரையும் மாப்பிள்ளையை விட்டு ஒரு தடவை பார்க்கச் சொல், பாப்பாவைக் குழாயைத் திறக்க விடாதே. ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, தலைமுடி கொட்டுகிறது என்று புலம்புகிறாய், தூங்கினால் தானாக நிற்கும். உன் சித்திக்கு ஒரு வார்த்தை போன் செய், இல்லாவிட்டால் அதற்கும் என்னைத்தான் சொல்வாள். மூன்று பேரும் குறையில்லாமல், சண்டையிட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, நல்லபடியாக வாழ வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது.

கீழே கோணலாக இருப்பது அப்பா தன் வலது கையால் போட்ட கையெழுத்து. பேனாவை என்னிடமிருந்து பிடுங்கித் தானே எழுதினார், தாளில் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது பார், அது அழுத்தியதால். நடுவில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. சேர்த்து எழுதிவிடலாமா என்று பேனாவைக் கொண்டுபோனேன், கையைத் தட்டிவிட்டார், "நாளைக்கு" என்றார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா

அபா